விண்ணில் உயிர் தேடும் ஆய்வு: எம்.எஸ்ஸி.க்குப் பிறகு நம் பிள்ளைகளுக்கு யார் துணை?

2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு வெளியிட்ட ஓர் ஆய்வு உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது. பூமியிலிருந்து 124 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பதிவுகளில் தெரிவதாக அவர்கள் கூறினார்கள். நம் பூமியில் இந்த வாயுவைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கடலில் மிதக்கும் நுண்பாசிகள். காரைக்கால் கடற்கரையில் நிற்கும்போது மூக்கில் ஏறும் கடல் வாசனையில் இந்த வாயுவுக்கும் பங்கு இருக்கிறது.

செய்தி வந்த சில நாட்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைத் தகவல்கள் சுற்றின. ஒன்று, வேற்றுக் கோளில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்றது. மற்றொன்று, திருக்குர்ஆன் சொன்னதை விஞ்ஞானம் இப்போதுதான் நிரூபித்திருக்கிறது என்றது. இரண்டுமே அவசரப்பட்டவை. அந்த ஆய்வுக் குழுவே தங்கள் முடிவு தற்செயலாகத் தோன்றியிருக்க 0.3 சதவீத வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தது. விஞ்ஞானிகள் இதை மூன்று சிக்மா என்பார்கள். கண்டுபிடிப்பு என்று உரிமை கோர ஐந்து சிக்மா வேண்டும். அதாவது அந்த வாய்ப்பு 0.00006 சதவீதத்துக்கும் கீழே போக வேண்டும். அதே பதிவுகளை எடுத்து மறுபடியும் கணக்கிட்ட வேறு குழுக்கள், இந்தச் சான்று போதாது என்றன. உயிர் எதுவும் இல்லாத ஒரு வால்நட்சத்திரத்திலும் இதே வாயு இருந்திருக்கிறது.

திருக்குர்ஆனின் அஷ்ஷூரா அத்தியாயம் 29ஆம் வசனம், வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ் பரவச் செய்திருக்கும் உயிரினங்களைப் பற்றிப் பேசுவது உண்மை. அந்தச் சொல்லில் வானவர்களும் அடங்குவர் என்று விளக்கம் சொன்ன முஃபஸ்ஸிர்கள் உண்டு. வானங்களில் நாம் அறியாத படைப்புகள் இருக்கக் கூடும் என்று கதவைத் திறந்தே வைத்தவர்களும் உண்டு. ஆக, அங்கே நுண்ணுயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு முஸ்லிமின் ஈமானுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் மூன்று சிக்மாவின் மேல் ஈமானைக் கட்டுகிறவர், நாளை அந்த வாயு அங்கே இல்லை என்று முடிவானால் தன் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வார்?

நமக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி வேறு. மதுசூதன் இந்தியாவில் பிறந்து, வாரணாசியில் பி.டெக் படித்து, பிறகு அமெரிக்காவின் எம்ஐடியில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர். வானத்தில் உயிர் தேடும் துறையில் இன்று உலகம் கவனிக்கும் பெயர்களில் ஒன்று அவருடையது. காரைக்கால் கோட்டுச்சேரி வட்டாரத்தில் இருக்கும் வரிச்சிக்குடியிலிருந்தோ, நாகூரிலிருந்தோ, திட்டச்சேரியிலிருந்தோ ஒரு பிள்ளை அந்தத் துறையில் கால் வைக்க விரும்பினால் என்ன வழி? வழி இருக்கிறது. அது எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

அஸ்ட்ரோபயாலஜி என்று சொல்லப்படும் விண்ணுயிரியல் தனி ஒரு பாடம் அல்ல. பூமியில் உயிர் எப்படித் தோன்றியது, எவ்வளவு கொடிய சூழலில் அது தாக்குப்பிடிக்கும், வேறு இடத்தில் இருந்தால் அதன் அடையாளம் எதுவாக இருக்கும் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றிப் பல துறையினர் கூடும் இடம் அது. நம் நாட்டில் ‘பி.எஸ்ஸி. அஸ்ட்ரோபயாலஜி’ என்று பெயர் பார்த்துக் கல்லூரி தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். வேதியியல், நுண்ணுயிரியல், நிலவியல், இயற்பியல் என எந்தப் பாடம் வழியாகவும் உள்ளே போகலாம்.

கலைப் பாடம் வழியாகக்கூட ஒருவர் போயிருக்கிறார். இலங்கையின் காலியில் 1923இல் பிறந்த சிரில் பொன்னம்பெரும, சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் வாங்கிய முதல் பட்டம் தத்துவத்தில் பி.ஏ. அதன் பிறகு லண்டன் சென்று, 1959இல் வேதியியலில் பட்டம் பெற்றார். 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிவிட்டது. அடுத்த ஆண்டே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உயிரின் வேதியியல் தோற்றத்தை ஆராயும் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970இல் உலகுக்குச் சொன்ன குழுவில் அவரும் ஒருவர். நிலவிலிருந்து வந்த மண்ணையும் ஆராய்ந்தவர். கலைப் பிரிவில் பட்டம் வாங்கிய நமக்கு இந்த வரலாற்றைப் படிக்கும்போது கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்நாளை முடிவு செய்துவிடும் நம் வீடுகளில் இதை ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

நம் கடற்கரையில் என்ன இருக்கிறது? காரைக்காலுக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் 1960களிலிருந்து இயங்கிவருகிறது. பரங்கிப்பேட்டையில் சொந்தபந்தம் இல்லாத குடும்பம் நம் பகுதியில் குறைவு. அந்த மையத்துக்குள் போய்ப் பார்த்தவர் அதைவிடக் குறைவு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் நீலப்பச்சைப் பாசிகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரக் காரணமானவை இந்தப் பாசிகளின் மூதாதையர். வேறு கோளில் ஆக்சிஜன் தெரிந்தால் அது உயிரின் அடையாளமா என்ற விவாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அவர் செய்த இந்தியச் சோதனைகளிலும் நீலப்பச்சைப் பாசி இருந்தது. அதோடு முளைகட்டும் பாசிப்பயறு, வெந்தயம், நீர்க்கரடி எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் ஆகியவையும் இருந்தன.

தெற்கே வேதாரண்யம் உப்பளங்கள். உப்பு திரளும் பாத்திகளில் நீர் சிவந்து தெரிவதற்குக் காரணம் உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்கள். செவ்வாயில் ஒரு காலத்தில் வற்றிய உப்பு ஏரிகளில் உயிர் இருந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்த நுண்ணுயிர்கள் முக்கியமானவை. இன்னும் ஒன்று: சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவில் இருக்கும் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிநீர் பீறிடும் ஒரு துளையைப் படம் பிடித்த செய்தி 2024 டிசம்பரில் வந்தது. சூரிய ஒளியே எட்டாத அத்தகைய இடங்களில் உயிர் தழைப்பதால்தான், பனிக்கு அடியில் கடல் இருக்கும் வியாழன், சனியின் துணைக்கோள்களைப் பார்த்து விஞ்ஞானிகள் நம்பிக்கை கொள்கிறார்கள்.

வரிச்சிக்குடிக்குப் பக்கத்தில் திருவேட்டக்குடியில் என்ஐடி புதுச்சேரி இருக்கிறது. காரைக்கால் நகரில் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் உள்ளன. பட்டப்படிப்பு வரை நம் பகுதிக்குப் பெரிய குறை இல்லை.

நாட்டளவில் பார்த்தால், விக்ரம் சாராபாய் 1947இல் தொடங்கிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் விண்வெளிப் பனித்துகள்களிலும் அதிர்வலைகளிலும் உயிரின் மூலக்கூறுகள் என்னவாகின்றன என்று சோதிக்கும் ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அதை வழிநடத்துபவர் பாலமுருகன் சிவராமன். புனேயின் ஐயுகாவும், பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனமும் கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. கொடைக்கானல், காவலூர் வானாய்வகங்கள் இந்த இரண்டாவது நிறுவனத்தைச் சேர்ந்தவைதாம். ஐயுகாவை நிறுவிய ஜெயந்த் நார்லிகர் 2025 மே மாதம் காலமானார். 2005இல் ஹைதராபாத்திலிருந்து பலூன் அனுப்பி 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றைச் சேகரித்து, அதிலிருந்து மூன்று புதிய பாக்டீரியா இனங்களை அடையாளம் கண்ட முயற்சியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அவை விண்ணிலிருந்து வந்தவையா, பூமியிலிருந்து மேலேறியவையா என்பது இன்றும் தீராத கேள்வி. லடாக்கின் சோ கார் உப்பு ஏரிப் பகுதியில் 2025 ஆகஸ்டில் இஸ்ரோவும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து செவ்வாய், நிலவுச் சூழலுக்கு ஒப்பான பயிற்சிக் கூடத்தை நடத்தின. 2028இல் வெள்ளிக் கோளுக்கு விண்கலம் அனுப்ப 1,236 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்தத் திட்டங்களின் பதிவுகளை ஆராய அடுத்த பத்தாண்டுகளில் இளம் ஆய்வாளர்கள் தேவைப்படுவார்கள்.

இனி பணத்துக்கு வருவோம், ஏனென்றால் நூல் அறுவது இங்கேதான்.

எம்.எஸ்ஸி. முடித்தவர் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் பெற்றால், 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000 ரூபாய், அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. வளைகுடாவுக்குப் புதிதாகப் போகும் நம் பட்டதாரி தங்குமிடச் செலவும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்பும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆய்வு என்றால் பட்டினி என்று நினைக்கும் பெற்றோருக்கு இந்தக் கணக்கே தெரியாது.

ஆனால் ஜேஆர்எஃப் மேல்வரிசை மதிப்பெண் எடுப்பவர்களுக்கு மட்டும். சில மதிப்பெண்களில் அதைத் தவறவிட்டு, பிஎச்.டி.க்கு மட்டும் தகுதி பெறுபவரின் கதை வேறு. மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தால் மாதம் 8,000 ரூபாய் தருகிறார்கள். இப்படிப்பட்ட சிறுபான்மை மாணவரைத் தாங்கிக்கொண்டிருந்தது 2009இல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை. மற்ற திட்டங்களும் இதே பயனைத் தருகின்றன என்று காரணம் சொல்லி 2022-23 முதல் அது நிறுத்தப்பட்டதாக, 2022 டிசம்பரில் அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வெளிநாட்டுப் படிப்புக் கடனுக்கு வட்டி மானியம் தந்த ‘படோ பர்தேஷ்’ திட்டமும் அதே காலத்தில் மூடப்பட்டது. ஏற்கெனவே உதவித்தொகை பெற்றுவந்த ஆய்வாளர்களுக்கும் 2025இல் மாதக்கணக்கில் பணம் வராமல் நின்றது. மற்ற திட்டங்கள் இருக்கின்றன என்பது காகிதத்தில் சரி. 37,000க்கும் 8,000க்கும் இடையே விழுகிற பிள்ளைக்கு அந்தத் திட்டங்களில் எது கை கொடுக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

அரசைக் கண்டித்துத் தீர்மானம் போட்டோம், அது தேவைதான். அதோடு நம் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் கல்விக்கு உதவாமல் இல்லை. பள்ளிக் கட்டணம், பொறியியல், மருத்துவம், நர்சிங் வரை கை நீளுகிறது. எம்.எஸ்ஸி. முடித்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்தால் மட்டும் ‘படித்து முடித்தாயிற்றே, இனி வேலைக்குப் போக வேண்டியதுதானே’ என்ற பேச்சு எழுகிறது. ஆய்வு என்பது அந்த வயதில் தொடங்கி முப்பது வரை நீளும் தொழிற்பயிற்சி என்பது நம் நிர்வாகிகள் பலருக்குப் பழக்கமில்லாத செய்தி.

ஸகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். உழைக்க உடல்வலிமை இருந்தும் மார்க்கக் கல்வியில் முழுமையாக ஈடுபட்டதால் சம்பாதிக்க இயலாதவருக்கு ஸகாத் தரலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. உலகக் கல்விக்கு இதை நீட்டலாமா என்பதில் இன்றைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயா என்று எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வழியில் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். நம் கருத்து என்னவென்றால், அந்த மாணவர் ஏழை என்ற வரையறைக்குள் வந்தால் ஏழை என்ற முறையிலேயே ஸகாத் பெறத் தகுதியானவர். பாடத்தைப் பற்றிய விவாதமே எழாது. வராவிட்டால் ஸதகாவும், கல்விக்காக எழுதிவைத்த வக்ஃப் வருமானமும் இருக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. காரைக்கால், நாகூர், திட்டச்சேரி வட்டார ஜமாஅத்துகள் கூடி, ஜேஆர்எஃப் கிடைக்காத ஓர் ஆய்வு மாணவருக்கு மாதம் 15,000 ரூபாய் என நான்கு ஆண்டுக்கு ஏற்றால் மொத்தம் 7,20,000 ரூபாய் ஆகிறது. ஒரு நடுத்தர வலீமா விருந்துச் செலவோடு இதை ஒப்பிட வேண்டாம் என்று நினைத்தாலும் மனம் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் பகுதிக் கல்லூரிகளில் உயிர் அறிவியல் வகுப்புகளில் நம் பெண்கள் நன்றாகவே படிக்கிறார்கள். அதன் பிறகு பாதுகாப்பு, தங்குமிடம், மஹ்ரம், கல்யாணம். இவற்றைக் கேலி செய்யும் கட்டுரைகளும் வருகின்றன. நாம் அப்படிச் செய்ய மாட்டோம். பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்கு உள்ளூரிலேயே விடை தேட முடியும். பரங்கிப்பேட்டை, புதுச்சேரி, திருச்சி ஆகியவை உறவினர் வீடு இருக்கும் ஊர்கள். மாப்பிள்ளை பார்க்கும்போதே படிப்பைத் தொடர்வது பற்றிப் பேசி முடிவு செய்யலாம். நிக்காஹ்வின்போது நிபந்தனை வைப்பது மார்க்கத்தில் புதிதல்ல. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டையில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போய், 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். 2024 ஜனவரி 6 அன்று அந்த விண்கலம் தன் இடத்தை அடைந்தபோது நம் வீடுகளில் இனிப்பு பரிமாறிக்கொண்டோம். அவர் வயதில் அதே அளவு படித்து, பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்களும் அதே வீடுகளில் உண்டு.

வெளிநாட்டு வாய்ப்புகளில் அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பது இப்போது சரியல்ல. நாசாவின் அறிவியல் ஒதுக்கீட்டைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்க அங்குள்ள அரசு 2025 மே மாதம் முன்மொழிந்தது. செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது. காரைக்கால்காரர்களுக்கு இயல்பான வழி பிரான்ஸ். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பாரிஸ் புறநகரில் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத தெரு நம் பக்கம் அரிது. ஆனால் பிரான்ஸ் என்றால் கடை, ஹோட்டல், பென்ஷன் என்ற அளவில் நம் பேச்சு நின்றுவிடுகிறது. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தியின் வேதியியல் ஆய்வுக் கருவியில் ஒரு முக்கியப் பகுதி பிரான்சில் உருவானது. அந்தக் கருவியின் பதிவுகளில் நீண்ட கார்பன் சங்கிலிகளைக் கண்டறிந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட குழுவை வழிநடத்தியவரும் பிரெஞ்சு ஆய்வாளர் கரோலின் ஃப்ரெய்சினே. ஆய்வு மாணவர்களுக்காக அந்நாட்டு விண்ணுயிரியல் சங்கம் போர்தோ பக்கத்தில் லெ தெய்க் என்ற இடத்தில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. இந்திய மாணவர்களுக்குப் பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்ப்பாக் உதவித்தொகையும், பிஎச்.டி. செய்பவர்கள் சில மாதங்கள் அங்கே சென்று ஆய்வு செய்ய ராமன்-ஷார்ப்பாக் உதவித்தொகையும் உண்டு. ஜப்பானில் டோக்கியோவின் எல்சி நிறுவனம் உயிரின் தோற்றத்துக்காகவே 2012இல் தொடங்கப்பட்டது. அங்கே போக ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பயணமே வேண்டாம் என்பவர்களுக்கு, அமெரிக்காவின் ப்ளூ மார்பிள் ஸ்பேஸ் நிறுவனம் உலகின் எந்த நாட்டு மாணவரையும் இணையவழியே ஓர் ஆய்வாளரின் கீழ் பயிற்சிக்கு எடுக்கிறது. ஊதியம் கிடையாது. இஸ்ரோ நடத்தும் ‘ஸ்டார்ட்’ இணையப் பயிற்சி இயற்பியல், தொழில்நுட்ப மாணவர்களுக்கானது. ‘நாசா சான்றிதழ்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் விளம்பரங்களில் ஏமாற வேண்டாம்.

எல்லாம் முடித்த பிறகு வேலை உறுதியா என்று கேட்டால், இல்லை. பிஎச்.டி.க்குப் பிறகு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும். நிரந்தரப் பதவிகள் குறைவு. ஆனால் நுண்ணுயிரியலோ பகுப்பாய்வு வேதியியலோ ஆழமாகக் கற்றவருக்கு மருந்து, உணவு, கடல்சார் நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் இடம் உண்டு. பிள்ளையை ஆய்வுக்கு அனுப்பும் வீடு இதைத் தெரிந்தே அனுப்ப வேண்டும்.

1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரியும், 1955இல் தொடங்கிய அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும் டெல்டாவுக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. கோடை விடுமுறையில் பத்து நாள், பரங்கிப்பேட்டைக்கும் வேதாரண்யத்துக்கும் மாணவரை அழைத்துப்போய், மாதிரி எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்கச் செய்யும் முகாமை இக்கல்லூரிகள் நடத்த முடியும். ஜமாஅத்துகள் பேருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும்.

இந்த ஆண்டே செய்யக்கூடியவையும் உண்டு. பெங்களூரின் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு வழக்கமாக ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் வாங்குகிறார்கள். எந்தக் கல்லூரி மாணவரும் போடலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோவின் யுவிகா. சிஎஸ்ஐஆர் நெட் ஜூனிலும் டிசம்பரிலும் என ஆண்டுக்கு இருமுறை. டிசம்பர் தேர்வுக்கான விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் திறக்கும். ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு, ஓபிசி பிரிவினருக்கும் தளர்வு உண்டு. தகுதியுள்ளவர்கள் கிரீமி லேயர் அல்லாத ஓபிசி சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில், விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாநிலப் படிவத்தில் வாங்கியது அங்கே செல்லாது.